மூச்சு இருக்கான்னு பாருங்க

போதை மருந்து எடுக்கிறவர்கள் அளவு மீறிச் செத்துப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. கல்யாண வீட்டில் இதைச் சொன்னால் பந்தியில் எனக்கு இரண்டு பக்கமும் இலை காலியாகிவிடும்.

நான் நர்ஸ். பதினைந்து வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் இருந்துவிட்டு, இப்போது புதுச்சேரியில் ஒரு சின்ன சென்டரில் இருக்கிறேன். டாக்டர் மேடம் வாரத்துக்கு மூன்று நாள் வருவார். மற்ற நேரமெல்லாம் நானும் அந்தோணி அண்ணனும்தான். அண்ணன் ஒரு காலத்தில் தானே ஊசி போட்டுக்கொண்டவர். விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. யார் எங்கே விழுந்து கிடப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். விழுந்தவர்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியும்.

ஊருக்கு நாங்கள் சொல்வது கொஞ்சம்தான். ஒரு ஆள் கூப்பிட்டும் எழவில்லை, உதடு நீலம் பூத்துவிட்டது, மூச்சு விட்டுவிட்டு வருகிறது என்றால் முதலில் நூத்தியெட்டுக்கு போன் போடுங்கள். ஆம்புலன்ஸ் வருகிறவரை வாயில் ஊதி மூச்சு கொடுங்கள். நலாக்சோன் என்கிற ஊசி மருந்து கையில் இருந்தால் தொடையில் போடுங்கள். ஹெராயினோ வலி மாத்திரையோ அடைத்துப் போட்ட மூச்சை அது திறந்துவிடும். இவ்வளவுதான். இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. ஒரே விஷயத்தை நாள் முழுக்கச் சொல்லி அலுத்துப்போன வாத்தியார்கள், பேங்க் கவுன்ட்டரில் உட்காருகிறவர்கள், பிள்ளை வளர்க்கிறவர்கள், எல்லாருக்கும் என் பாடு புரியும். உங்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

வாடகைக்கு வீடு

பழைய கட்டிடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று சென்டரைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். நானும் அண்ணனும் வெயிலில் வீடு தேடி அலைந்தோம். போன இடத்திலெல்லாம் உட்காரவைத்து மோர் கொடுப்பார்கள். "என்ன ஆபீஸ்மா?" என்று கேட்பார்கள். நான் பதில் சொன்னதும் டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஒரு அம்மா நான் குடித்து முடிக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை.

கடைசியாகச் சாரம் ஏரியாவில் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து கேட்டார். மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மனிதர். நியாயமாகப் பேசினார். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்த மாதிரி ஆளுங்க நம்ம தெருவுக்கு வந்தா பேரு கெட்டுப்பூடும்மா" என்றார். எனக்கு வந்ததே கோபம். அவர் வீட்டு வாசலில் நின்று பார்த்தாலே இரண்டு பிராந்திக் கடை தெரிகிறது. அதில் ஒன்றின் ஓரம் பட்டப்பகலில் ஒரு ஆள் சட்டையில்லாமல் மல்லாந்து கிடக்கிறார். "அவரு யாரு சார்?" என்று கையைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார். முகத்தில் பாசம் வந்துவிட்டது.

"நம்ம குமாருமா. அதும் இதும் ஒண்ணா? குடிக்கிறவன்லாம் குடும்பஸ்தன்."

பொம்மைக்கு மூச்சு

மூச்சு கொடுக்கப் பழகுவதற்கு எங்களிடம் ஒரு பொம்மை உண்டு. தலையும் மார்பும் மட்டும். கை கால் கிடையாது. அதற்கென்று இருந்த பெட்டி உடைந்துபோனதால் கட்டைப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவேன். தலை மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். தவளக்குப்பம் போகிற பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அதை ஒரு தடவை பார்த்தாள். பிறகு எழுந்து போய் முருங்கப்பாக்கம் தாண்டும்வரை நின்றுகொண்டே வந்தாள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடுவதா ஆள் டிக்கெட் போடுவதா என்று டிரைவரிடம் கேட்டுவிட்டு வந்தார்.

தவளக்குப்பத்தில் முப்பது பேரைச் சேர்த்திருந்தோம். எல்லார் வீட்டிலும் ஒரு பிள்ளையோ தம்பியோ மாத்திரையிலோ ஊசியிலோ இருக்கிறான். வந்ததே பெரிய விஷயம். தலையை எப்படிச் சாய்ப்பது, மூக்கை எப்படிப் பிடிப்பது, எப்படி ஊதினால் மார்பு ஏறும் என்று முட்டி போட்டு மூன்று தடவை செய்து காட்டினேன். இப்போது நீங்கள் வாருங்கள் என்றேன். பெண்கள் ஆண்களைப் பார்த்தார்கள். ஆண்கள் ஃபேனைப் பார்த்தார்கள். ஒருவர் வெற்றிலை போட்டிருப்பதாகச் சொன்னார். ஒருவருக்குச் சளி. துணி வைத்துதான் ஊதப்போகிறீர்கள், பொம்மைக்கு ஒன்றும் ஒட்டாது, உங்களுக்கும் ஒன்றும் ஒட்டாது என்று கெஞ்சினேன். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், எல்லாருக்கும் சேர்த்துப் பேசுகிற தோரணையில் எழுந்து நின்றார்.

"மொதல்ல இது ஆம்பள பொம்மையா பொம்பள பொம்மையான்னு சொல்லிடுங்க மேடம். அப்பறம் ஊதுறதப் பத்திப் பேசுவோம்."

சேதராப்பட்டு வைத்தியம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணனுக்குச் சேதராப்பட்டிலிருந்து போன். கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிற நான்கு பேர் ஒரு ரூமில் தங்கியிருந்தார்கள். அதில் ஒருவன், ரவி என்று பெயர், காலையிலிருந்து குடித்துவிட்டு அதற்குமேல் வலி மாத்திரையும் போட்டிருக்கிறான். எழுப்பினால் எழவில்லையாம். ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டு நாங்களும் பைக்கில் பறந்தோம்.

ரூமுக்குள் கால் வைக்க இடமில்லை. தரையெல்லாம் தண்ணீர். ரவி நனைந்த துணி மாதிரி கிடக்கிறான். உள்ளங்கையில் சாவிக்கொத்து. மூக்கில் வெங்காயம். தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்திருக்கிறார்கள். இரண்டு கன்னமும் அறைந்து அறைந்து சிவந்திருக்கிறது. வாயோரம் மோர். மயக்கத்தில் இருப்பவன் வாயில் மோர்! நான் அதைத் துடைத்துவிட்டு மூச்சு கொடுத்தேன். அண்ணன் தொடையில் மருந்தைப் போட்டார். இரண்டு நிமிஷம் போனது. மூன்றாவது நிமிஷம் அவன் பெரிதாக இழுத்து மூச்சு விட்டான். அந்தச் சத்தம் மட்டும் எனக்கு எத்தனை தடவை கேட்டாலும் அலுக்காது.

ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. போன் போட்டீர்களா என்று கேட்டேன். மூன்று பேருமே போடவில்லை. அண்ணன் தன் போனை எடுத்து நூத்தியெட்டைக் கூப்பிட்டார். போலீஸும் கூடவே வந்துவிடும் என்று பயம். கேஸ் ஆகும், வேலை போகும், ரூம் போகும். நான் கத்திய கத்தலில் வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். இருப்பதிலேயே பொறுப்பான பையன் என்னைச் சமாதானப்படுத்தினான்.

"போடாம இருப்பமா சிஸ்டர்? வெங்காயம் ஒத்துக்கலன்னா போடலாம்னு இருந்தோம்."

மூன்று ஒட்டு

அளவு மீறிப்போவது தெருவில் கிடப்பவர்களுக்கு மட்டும் வருகிற வியாதி என்று ஊரில் ஒரு நினைப்பு. அந்தோணி அண்ணனுக்குத் தூரத்து உறவில் ஒரு மாமா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். தெருவில் எல்லாரும் சார் என்பதற்குப் பதில் பிரெஞ்சில் முசே என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகெலும்பில் புற்றுநோய். வலி தாங்காமல் டாக்டர் தோலில் ஒட்டுகிற மருந்து கொடுத்திருந்தார். மூன்று நாளைக்கு ஒன்று. பழையதை உரித்துவிட்டுப் புதியதை ஒட்டவேண்டும். ஒரு காலையில் அவர் மனைவி அண்ணனுக்கு போன் பண்ணி, "உங்க மாமா ரெண்டு நாளா நல்லாத் தூங்குறாரு, வலியே இல்லன்றாரு" என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். அண்ணனுக்கு அந்தச் சந்தோஷம் பிடிக்கவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினார்.

சட்டையைத் தூக்கிப் பார்த்தால் முதுகில் மூன்று ஒட்டு. அதற்குமேல் இதமாக இருக்கட்டும் என்று வெந்நீர்ப் பை. சூடு பட்டால் மருந்து இன்னும் வேகமாக உள்ளே இறங்கும். நிமிஷத்துக்கு ஐந்து மூச்சுகூட இல்லை. எல்லாவற்றையும் உரித்தெடுத்து, மூச்சு கொடுத்து, ஆம்புலன்ஸில் ஏற்றி, அவர் பிழைத்து வீட்டுக்கு வர நாலு நாள் ஆயிற்று. டாக்டர் மேடம் சீட்டு எழுதிக்கொடுத்த நலாக்சோனை அவர் மனைவியிடம் கொடுத்து, எப்போது போடுவது என்று காட்டிக்கொண்டிருந்தேன். முசே கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். என் பையில் சென்டர் பெயர் எழுதியிருப்பதைக் கண்ணாடி போட்டுப் படித்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"அத எடுத்துட்டுப் போயிடும்மா. நான் போதை ஆசாமி இல்ல. பிரெஞ்சு சிட்டிசன்."

கையெழுத்து

எங்களுக்கு மருந்து வருவது ஒரு ஆபீஸிலிருந்து. எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன். எனக்கு அடுத்த மாதமும் மருந்து வேண்டும். ஒரு வருஷம் கொஞ்சம் மருந்து தேதி முடிந்து மிஞ்சிவிட்டது. ஏன் பயன்படுத்தவில்லை என்று விளக்கம் கேட்டார்கள். யாரும் சாகிற நிலைக்குப் போகவில்லை என்று எழுதினேன். அதை ஏற்றுக்கொள்ள முடியாது என்றார்கள். மறு வருஷம் எல்லாம் தீர்ந்துவிட்டது. ஏன் இவ்வளவு பயன்படுத்தினீர்கள் என்று விளக்கம் கேட்டார்கள்.

நேரில் போனேன். அங்கே இருந்த கிளார்க் தங்கமானவர். என் ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் விரலை வைத்தார். மருந்து வாங்கியவர் கையெழுத்து என்கிற கட்டம் முழுக்கக் காலியாக இருக்கிறதாம். "சார், மருந்து போடும்போது அவங்களுக்கு மூச்சே இருக்காது" என்றேன். அவர் என்னை ஆறுதலாகப் பார்த்து, இங்க் பேடைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார்.

"கையெழுத்துப் போட முடியலன்னா கைநாட்டு வாங்கலாமே மேடம். அதுக்கு முழிச்சிருக்கணும்னு ஒண்ணும் இல்லியே."

யார் எழுப்பச் சொன்னது

உப்பளம் ஏரியாவில் ஒரு சுற்றுச்சுவர் ஓரம், பகல் பதினொன்றரை மணிக்கு முருகனைக் கண்டுபிடித்தோம். நாற்பது வயது. பெயின்ட் அடிக்கிறவர். கையில் ஊசி அப்படியே இருக்கிறது. நகமெல்லாம் நீலம். அண்ணன் நூத்தியெட்டைக் கூப்பிட, நான் மண்ணில் மண்டிபோட்டு ஊதினேன். ஒரு ஊசி பத்தவில்லை. இரண்டாவது போட்டோம். முருகன் எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். "யாரு உன்ன எழுப்பச் சொன்னது?" என்று ஆரம்பித்து, என் பரம்பரை முழுவதையும் விசாரித்தார். கோபம் வரும்தான். அந்த மருந்து மூச்சைத் திருப்பிக் கொடுக்கிற கையோடு போதையைப் பிடுங்கிக்கொள்ளும். உடம்பு முழுக்க நடுக்கம், குமட்டல், எலும்பெல்லாம் வலி.

இதில் இன்னொரு தொல்லை உண்டு. நலாக்சோன் ஒன்றரை மணி நேரத்தில் கரைந்துவிடும். உள்ளே இருக்கிற சரக்கு அதற்குமேலும் நிற்கும். அப்படியே விட்டால் மறுபடி மயங்கி, பார்க்க ஆளில்லாத இடத்தில் போய்விடுவார். அதனால் கூடவே இருக்கவேண்டும். ஆம்புலன்ஸ் வந்தது, ஏறமாட்டேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு முருகன் நடக்க ஆரம்பித்தார். நாங்கள் பத்தடி பின்னால் நடந்தோம். அவர் வேகமாக நடந்தால் நாங்களும் வேகமாக. ரயில்வே ஸ்டேஷன், பாரதி பூங்கா, பீச் ரோடு, திரும்பவும் ரயில்வே ஸ்டேஷன். அவர் திரும்பித் திரும்பித் திட்ட, டூரிஸ்டுகள் எங்களைப் போட்டோ எடுத்தார்கள். என் செருப்பு வார் அறுந்துவிட்டது. இரண்டரை மணி நேரம் கழித்து அவர் ஒரு பெட்டிக்கடை பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"இவ்ளோ தூரம் பின்னாடியே வர்றீங்களே, ஒரு டீ வாங்கிக் குடுக்கணும்னு தோணுதா ஒங்களுக்கு?"

பதினோரு நாள்

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் எழுதவேண்டும்.

குணசேகரன், இருபத்தாறு வயது. ஏசி ரிப்பேர் பார்க்கிறவன். வீட்டிலேயே பெரிய பிள்ளை. குடும்பம் கடன் வாங்காத குறையாக அவனை ஒரு மறுவாழ்வு இல்லத்தில் மூன்று மாதம் வைத்து, சுத்தமாக வெளியே கொண்டுவந்தது. முகத்தில் சதை பிடித்து, முடி வெட்டி, வேறு ஆள் மாதிரி இருந்தான். வீட்டில் பாயசம். நான் போய், அவனுடைய அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, சொல்லவேண்டியதைச் சொன்னேன். இப்போதுதான் அதிகம் பயப்படவேண்டிய நேரம். மூன்று மாதத்தில் உடம்பு அந்தப் போதை மருந்தை மறந்துபோயிருக்கும். ஒரே ஒரு தடவை தடுமாறி, பழைய நினைப்பில் பழைய அளவு எடுத்தால் உடம்பு தாங்காது. இந்த நலாக்சோன் வீட்டில் இருக்கட்டும், போடுவதற்கு ஐந்து நிமிஷத்தில் சொல்லித்தருகிறேன். தனியாக அறையைச் சாத்திக்கொண்டு இருக்கவிடாதீர்கள்.

அவர் டவுன் பஸ் டிரைவர். குரல் உயர்த்தாத மனிதர். அன்றைக்குக் கைகூப்பிவிட்டார். "நல்ல காரியம் நடந்த வீட்ல வந்து இப்படிப் பேசாதீங்கம்மா. மருந்து வெச்சா அவன் மேல நம்பிக்கை இல்லன்னு ஆயிடும்" என்றார். எனக்கு எரிச்சல். இன்னும் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். மருந்தை அவர் மனைவி கையில் திணித்துவிட்டு வந்திருக்கலாம். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன். நாளைக்கு வேறு வேலை வந்தது. பதினோராம் நாள் மாலை குளிக்கப் போனவன் வெளியே வரவில்லை. தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால் யாரும் கதவைத் தட்டவில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் அவர் சென்டருக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"அன்னிக்கு நீங்க சொன்னது எனக்கு நல்லா வெளங்குச்சும்மா. வெளங்காத மாதிரி இருந்துட்டேன்."

மூன்றாவது தடவை

குணசேகரன் போனபிறகு நான் மாறிவிட்டேன். யார் கைகூப்பினாலும் சொல்லி முடிக்காமல் அவர்கள் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. பிள்ளைச்சாவடியில் செல்வி என்கிற அம்மா, மீன் கூடை தூக்குகிறவர், என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார். வாசலில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாளும் போய் உட்கார்ந்தேன். அவர் மகன் சுரேஷ் மாத்திரையைக் கரைத்து ஊசி போடுகிறான் என்பது குப்பத்துக்கே தெரியும். அவருக்கு மட்டும் தெரியாத மாதிரி இருந்தார். மூன்றாம் நாள் கதவைத் திறந்து, "சொல்லித் தொல" என்றார். மருந்தை எங்கே வைப்பது என்று கேட்டதற்கு, உப்பு டப்பா பக்கத்தில், அதைத்தான் யாரும் இடம் மாற்றமாட்டார்கள் என்றார். நான் சொல்லிக்கொடுத்தவர்களிலேயே பொம்மைக்கு ஒழுங்காக ஊதியவர் அவர் ஒருத்தர்தான்.

அந்த மாசியில் ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை, சுரேஷை அவர் தனியாகவே எழுப்பினார். முதல் தடவை அவசரத்தில் மருந்துக் குப்பியை உடைத்துவிட்டு, இரண்டாவது குப்பியை எடுத்தாராம். இரண்டாவது தடவை ஒரு சொட்டு சிந்தவில்லை. நான் போனபோது சுரேஷ் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். எங்கள் சென்டரில் தினமும் வந்து வாங்கிக்கொள்கிற மாற்று மருந்து இருக்கிறது, நாக்கடியில் வைத்தால் போதும், நாளைக்கே ஆரம்பிக்கலாம் என்று அவனிடம் மறுபடியும் சொன்னேன். பார்க்கலாம் என்றான். அந்தப் பார்க்கலாமை நான் ஏழு தடவை கேட்டிருக்கிறேன். எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஏம்மா, இவன் இப்படியே பண்ணிட்டிருந்தா நீங்க என்னதான் பண்ணுவீங்க?" என்று செல்வியைக் கேட்டேன். நர்ஸ் கேட்கக்கூடாத கேள்வி. அவர் புது மருந்தை என் கையிலிருந்து வாங்கி, தேதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மகனைப் பார்த்தபடியே எனக்குப் பதில் சொன்னார்.

"மூணாவது தபாவும் எழுப்புவேன் சிஸ்டர். எழுப்பிட்டு நல்லா நாலு சாத்துவேன். செத்துட்டான்னா யாரப் போயி சாத்துறது?"

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைக்கிற சம்பளத்தைத் தவிர மீதியெல்லாம் திட்டுதான். அதையும் வாங்கிக்கொண்டு, திட்டியவரும் நானும் அவரவர் வீட்டுக்கு மூச்சோடு போய்ச் சேர்ந்துவிட்டால் அன்றைய பொழுதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.